உறங்காத மாலுமியும் உறங்கும் வாசகரும்

செஞ்சியில் கடல் இல்லை. ஆயினும் இலக்கியம் பேச நாம் கூடும்போதெல்லாம் கடல் வந்துவிடுகிறது. பட்டினப்பாலையின் துறைமுகம், இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பு என்று பெருமிதம் அலையடிக்கிறது. கப்பலைச் செலுத்துபவன் எத்தனை மணிநேரம் உறங்குகிறான் என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் தமிழகப் பேரவையில் நிறைவேறியபோது கொதித்தோம். மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நன்று. ஆனால் 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, நாளொன்றுக்குப் பதினான்கு மணிநேர உழைப்பை அனுமதிக்கிறது. வாரத்துக்கு 72 மணி வேலை உச்சம், அல்லது 77 மணி ஓய்வு குறைந்தபட்சம். இரண்டில் ஒன்றை நாடுகள் தேர்ந்துகொள்ளலாம். வாரத்தின் 168 மணியில் 77 போக எஞ்சுவது 91. ஓய்வைக் கணக்கிடுவதாகச் சொல்லியே பத்தொன்பது மணிநேர உழைப்பைக் கூட்டிக்கொள்ள இடமுண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கரையில் வகுத்த வரம்போ 48 மணி.

'கைநிறையச் சம்பளம், விரும்பித்தானே போகிறார்கள்' என்பார் உளர். களைப்புக்குச் சம்பளம் தெரியாது. 2010 ஏப்ரலில் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் 'ஷென் நெங் 1' தரைதட்டியது. காவலிலிருந்த முதன்மை அதிகாரி, முந்தைய முப்பத்தெட்டரை மணிநேரத்தில் உறங்கியது இரண்டரை மணி மட்டுமே என்றது விசாரணை.

சட்டம் தரும் அந்தச் சிறு ஓய்வேனும் கிட்டுகிறதா? ஓய்வுநேரப் பதிவேடுகள் 'சரிசெய்யப்படுவது' வழக்கமாகிவிட்டதை உலகக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் 2020ஆம் ஆண்டு ஆய்வு வெளிக்கொணர்ந்தது. ஆள் போதாத கப்பலில் உண்மையை எழுதினால் விதிமீறல். எனவே தூங்கியதாக எழுதுகிறார்கள். நாம் விமரிசிக்கத் தவறிய புனைவு இதுவே.

1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சி.தான் 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கும் துணைநின்றார். கப்பலை மட்டும் எடுத்துக்கொண்டு தொழிலாளியைக் கைவிட்டவர்கள் நாம். நேரத்தைக் குறைப்பதாகச் சட்டம் எழுதினால் போதாது. கப்பலுக்குக் கப்பல் ஆட்களைக் கூட்ட வேண்டும். அதைக் கேட்காத வரை, நம் கடற்பெருமை வெறும் கரைப்பேச்சு.