பிள்ளையைக் குறை சொல்லுமுன் துப்பாக்கிக் கட்டையைப் பாருங்கள்



நேற்று மோகனூர் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தேன். பழைய மாணவர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். "சார், பொண்ணு ஏர் ரைபிள் கத்துக்கிறாங்க. கம்பெனிக் கட்டையை எடுத்துட்டு அலுமினியக் கட்டை போட்டா பாயிண்ட் ஏறும்னு சொல்றாங்க. செலவு ஜாஸ்தி. மாத்தட்டுங்களா?" என்று கேட்டார்.

பதில் சொல்லுமுன் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பள்ளியில் பல ஆண்டுகள் என்.சி.சி. பொறுப்பில் இருந்தேன். ஒரு முகாமில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாயிண்ட் டூ டூ ரைபிளில் சுட்டாள். சிறிய உருவம். ஐந்து குண்டும் ஐந்து திசையில் போயின. "உனக்கு இது வராதும்மா, எழுந்திரு" என்றேன். அதற்குப் பிறகு அவள் சுடும் வரிசைக்கே வரவில்லை.

நாங்கள் வைத்திருந்த ரைபிள் லீ என்ஃபீல்டு வம்சம். அந்த லீ என்ஃபீல்டுக்குப் பின்கட்டையை நான்கு நீளங்களில் செய்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நெட்டை, சாதாரணம், குட்டை, அதைவிடக் குட்டையான 'பான்டம்'. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை அங்குல வித்தியாசம். வளர்ந்த சிப்பாய்களுக்கே ஒரே கட்டை ஆகாது என்று பிரிட்டிஷ் ராணுவம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நானோ பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் பெரியவர்களின் அளவைக் கொடுத்துவிட்டு, அவளைக் குறை சொன்னேன்.

கட்டை நீளமானால் கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும். கன்னம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் படியும். கண் இடம் மாறினால் குறியும் மாறும். 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்து என்பது வெறும் அரை மில்லிமீட்டர் பொட்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் சுட்டதும் இந்தப் போட்டியில்தான். போட்டி ரைபிள்களில் கன்னத்தாங்கியையும் தோள்தகட்டையும் ஏற்றி இறக்கும்படி வைத்திருப்பது இதனால்தான். மரக்கட்டைக்கு இன்னொரு குறையும் உண்டு. ஈரம் பட்டால் உப்பும். உப்பிக் குழலை அழுத்தினால் குண்டு விலகும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

நாம் லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல்காரர்கள். கம்பெனி சேஸிஸ் எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்காகக் கோழி ஏற்றுகிறவருக்கும் கரும்பு ஏற்றுகிறவருக்கும் ஒரே பாடியா கட்டுகிறோம்?

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்னது இதுதான்: உடனே பணத்தைக் கொட்டாதீர்கள். முதலில் பயிற்சியாளரை வைத்து, இருக்கும் கட்டையையே பிள்ளையின் தோளுக்கும் கன்னத்துக்கும் சரிசெய்யுங்கள். ஒரு மாதம் சுடட்டும். அப்படியும் அளவு எட்டவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள். மூச்சும் விசை இழுப்பும் சரியில்லாவிட்டால் தங்கத்தில் கட்டை போட்டாலும் பாயிண்ட் ஏறாது.

என்.சி.சி. முகாம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அரசு ரைபிளில் நாமாகக் கை வைக்கக் கூடாது. ஆனால் சிறுபிள்ளைகளுக்குக் குட்டைக் கட்டை வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம். அதுவரை முதல் ஐந்து குண்டை வைத்து எந்தப் பிள்ளையையும் ஒதுக்காதீர்கள்.

அந்த மாணவி இதைப் படிக்க நேர்ந்தால்: அம்மா, அன்று தவறு உன்னுடையது அல்ல. உன் வாத்தியாருடையது.