பதினால்வர் பெயர் எங்கே?



வேலூர் நெடுங்கடைத் தெருவில் ('லாங்கு பசார்' என்று சொன்னாலன்றி அது வேலூரார்க்கே விளங்காது, அக்கேடு ஒருபுறம் கிடக்க) ஆங்கிலர் காலத்து மணிக்கூண்டு ஒன்று நிற்கின்றது. அதன்கண் பதித்த கல்லைப் படித்தவர் உங்களுள் எத்துணைப் பேர்? ஆங்கிலத்தில் அது சொல்வது இவ்வளவே: 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரினின்று 277 பேர் சென்றனர், அவருள் 14 பேர் உயிர் கொடுத்தனர். அவ்வளவுதான். அப் பதினால்வர் எவர்? எவர் மக்கள்? எத்தெருவினர்? எக்களத்திற் பட்டனர்? கல் வாய் திறவாது. பட்டியிலடைத்த ஆடுகளை எண்ணி, செத்தவை இத்தனை என்று கரிக்கோட்டாற் சுவரில் எழுதிவைப்பான் ஒருவன்; அவன் கணக்கிற்கும் இக்கல்லிற்கும் என்ன வேறுபாடு?

படைக்கு ஆளெடுக்கும்போது பெயரும், தந்தை பெயரும், ஊரும், உயரமும், மார்பளவும் கேட்டு எழுதிக்கொண்டவன் ஆங்கிலன். செத்தபின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டான். வேலூரில் மட்டும் நேர்ந்த தவறன்று இது. மெசப்பொத்தேமியாக் களத்திற் பட்டு, கல்லறை தெரியாது போனவர்க்காகப் பாசுராவில் எழுப்பிய நினைவுமதிலில், ஆங்கிலப் படைஞர் பெயர்கள் ஒவ்வொன்றாய்ப் பொறிக்கப்பெற்றன. இந்தியருள் தலைமைப் பொறுப்பினர் பெயரை வெட்டி, எளிய படைஞரை இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கையால் முடித்துவிட்டனர். நம் சென்னை மாகாணத்துச் சுரங்கப் படையினரும் சென்று போரிட்ட களம் அது. 2021-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் இவ்வேற்றத்தாழ்வைத் தானே ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டது. நூறாண்டு கழித்தேனும் அவர்கள் வாய் திறந்தனர். 1947-இற்குப் பின்னும் அக் கல்லருகே நாடோறும் நடந்து செல்லும் நாம் வாய் திறந்தோமா?

வேலூருக்குத் தெற்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. அங்கொரு நடுகல். மயேந்திரப் பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நட்டது. ஆயிரத்து நானூறு ஆண்டு பழமையது. தன் எருமைகளைக் காக்கப் பொருது பட்ட கருந்தேவகத்தி என்பானுக்கு எடுத்த கல் அது. அவன் பெயரிருக்கின்றது, அவன் எவருடைய ஆள் என்பதிருக்கின்றது, எதன்பொருட்டுப் பட்டான் என்பதிருக்கின்றது. அம்மட்டோ? அவனருகே ஒரு நாயின் உருவம். கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் அக்கல்லில் எழுத்தாய் நிற்கின்றது. எழுத்து எதிலே? தமிழிலே, வட்டெழுத்திலே! நாயின் பெயரையும் நன்றியோடு வெட்டிய நாட்டில், பதினான்கு ஆண்மக்கள் வெறும் எண்ணாய்ப் போயினர். இதனைச் சொல்ல என் நாக் கூசுகின்றது.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் இன்னும் பழையன, தமிழியெழுத்தாற் பொறித்தவை, கடைக்கழகக் காலத்தன. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் பட்டவனை அவன் பெயரோடும் ஊரோடும் நமக்குச் சொல்கின்றது. தொல்காப்பியர் புறத்திணையியலில் கல்லெடுக்கும் முறையையே ஆறு நிலைகளாக வகுத்தார்: கல்லைத் தேர்ந்து காணும் காட்சி, அதனைக் கொள்ளும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், பெயரும் பீடும் எழுதிப் படைக்கும் பெரும்படை, இறுதியாய் வாழ்த்து. வாழ்த்து ஈற்றில் நிற்றலைக் காண்க. பெயரெழுதாமல் வாழ்த்தக் கூடாதென்பது நம் மரபு. நாமோ ஏனைய ஐந்தையும் விட்டு வாழ்த்தை மட்டும் ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டோம்.

கல்லோடு நம் முன்னோர் அமைந்தாரல்லர் என்பதே இங்கு நான் சொல்லவந்த செய்தி. நடுகற் கல்வெட்டுகளில் நெய்த்தோர்ப்பட்டி என்றொரு சொல் வரும். உதிரப்பட்டி என்றும் வழங்கும். நெய்த்தோர் என்பது குருதி. ஊருக்காகக் குருதி சிந்திப் பட்டவனின் மனைவி மக்களுக்கும் சுற்றத்தார்க்கும் விட்ட நிலம் அது. கல் நின்ற இடத்தில் அவன் பெயர் நின்றது. பட்டி நின்ற இடத்தில் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது. இரண்டும் ஒரே கடமையின் இரு கை. வள்ளுவர் படைமாட்சியில் வெல்லும் படைக்கு இலக்கணம் கூறுங்கால் வறுமையின்மையையும் ஒன்றாக வைத்தார். படைஞனைப் பசிக்கவிட்டுப் பாட்டெடுப்பதைத் தமிழன் என்றும் சிறப்பென்று கொண்டதில்லை.

இன்று நடப்பது என்ன? விடுதலை நாளிலும் குடியரசு நாளிலும் ஊர்ப் பள்ளித் திடலில் ஒரு நாற்காலி போடுவர். முன்னாட் படைஞர் ஒருவரை அதில் இருத்துவர். பொன்னாடை போர்த்துவர். ஒளிப்படம் எடுப்பர். தலைவர் அரைமணி நேரம் முழங்குவார். அவர் முழக்கத்தில் எல்லையும் பனியும் குருதியும் வரும். நாற்காலியில் இருப்பவர் பெயர் மட்டும் ஒருகால் பிழையாக வரும். அன்றிரவே அப் பெரியவர் நகரத்துப் பணப்பொறி அறை வாயிலில் காவலுக்கு நிற்பார். பொன்னாடை கொடியில் தொங்கும்.

திசம்பர் 7-ஆம் நாள் கொடிநாள். 1949 முதல் நடந்து வருவது. பள்ளிகட்குத் தாட்கொடிகள் வரும். ஆசிரியர் பிள்ளைகளிடம் காசு தண்டி அனுப்புவர். முப்பதாண்டாக அவ்வேலையை நானும் செய்கின்றேன், நல்ல பணிதான், படைஞர் குடும்பங்கட்குச் சேரும் பணம் அது. ஆயினும் காசு கொடுக்கும் பிள்ளை, தன் தெருவிலேயே இருக்கும் படைஞர் எவரென்று அறியாமலே கொடியைக் குத்திக்கொண்டு வீடு திரும்புகின்றது. அந்நாளில் ஒரு பாடவேளையேனும் அவரை வகுப்பிற் கொணர்ந்து அமர்த்தி, எங்கே பணிசெய்தார், என்ன கண்டார் என்று தமிழிற் பேசவைத்தாலென்ன? வரலாற்று நூலில் இல்லாத வரலாறு ஒருவேளை அங்கே கிடைக்கும்.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போலும் ஊர்களை எண்ணிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக, பெரும்பாலான வீடுகளினின்றும் படைக்கு ஆள் சென்ற ஊர் அது. அயலூரார் அதனை 'இராணுவப்பேட்டை' என்றே அழைக்கின்றனர். படைஞர்பேட்டை என்றால் வாய் வலிக்குமோ, அறியேன். 'மெட்ராசு ரெசிமெண்டு' என வழங்கும் சென்னைப் படைப்பிரிவு 1758-இல் தோன்றிய பழம்படை. அதன் போர்முழக்கத்தில் 'அடி, கொல்லு' என்று தமிழ் ஒலிக்கின்றது. அதன் குறிமொழியோ கீதையினின்று எடுத்த வடமொழித் தொடர். சாகும்போது தமிழ் வேண்டும், சாவைப் போற்றும்போது மட்டும் வடமொழி வேண்டும் போலும்!

மொழிச்சிக்கல் இம்மட்டோடு நின்றால் எள்ளி நகையாடிவிட்டுப் போகலாம். அது அடுப்படி வரை வருகின்றது. தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் முதலெழுத்தே முன்னிற்கும். படைத்துறைப் படிவமோ குடும்பப்பெயர் கேட்கும். வடநாட்டு எழுத்தர் ஒருவர் தம் காதிற்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதிவைப்பார். ழகரம் ஓரிடத்தில் ஒருவகையாகவும் மற்றோரிடத்தில் வேறுவகையாகவும் விழும். படைஞர் உயிரோடிருக்குமட்டும் அதனால் ஊறில்லை. அவர் மறைந்தபின் கைம்பெண் குடும்ப ஓய்வூதியம் கேட்டுச் செல்வாள். பணிப்பதிவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கியேட்டில் ஒரு பெயர். 'நீ அவளல்லை' என்று தாள் சொல்லும்! முப்பதாண்டு இல்லறம் நடத்தியவள் ஓரெழுத்தாலே மனைவியல்லளாய்ப் போகின்றாள். இத்தகைய அம்மையார் ஒருவர்க்காக ஓர் அலுவலகத்திற்கு நான் எழுதிய மடல்கள் பதினொன்று. பன்னிரண்டாவதற்கு மறுமொழி வந்தது, அதுவும் இந்தியிலே.

இப்போது ஓய்வூதியமெல்லாம் 'இசுபர்சு' என்னும் கணினி முறைக்கு மாற்றப்பட்டுள்ளது. வடமொழியில் அச்சொற்குத் தொடுகை என்று பொருளாம். பெயர் தொடுகை, எட்டுவதோ கணினியும் ஆங்கிலமும் அறிந்த கைக்கே. ஆண்டுதோறும் உயிர்ச்சான்று பதியாவிடின் பணம் நின்றுபோம். எண்பது அகவைக் கிழவர்க்கு இதனைச் செய்துகொடுக்கப் படித்த இளைஞர் ஒருவர் ஊர்தோறும் இலரா? திரைப்பட நடிகர்க்கு ஊர்தோறும் மன்றம் வைத்திருக்கும் நாட்டில், படைஞர்க்கு ஒரு படிவம் நிரப்ப ஆளில்லை என்றால் எவர் நம்புவார்?

இனி வருவது இன்னும் பெரிது. 2022 சூன் 14-இல் நடுவணரசு 'அக்கினிபத்' என்னும் திட்டத்தை அறிவித்தது. அதன்படி இளைஞர் நான்காண்டு பணிசெய்வர். நூற்றுக்கு 25 பேர்வரை நிலைப்படையிற் கொள்ளப்படுவர். எஞ்சியோர் வீட்டிற்கு அனுப்பப்படுவர். கையிற் கொடுப்பது ஏறத்தாழ 11.71 இலக்கம் உருபா. அதிலும் ஒரு பாதி அவர்தம் சம்பளத்திற் பிடித்தது. ஓய்வூதியம் இல்லை, முன்னாட் படைஞர் என்னும் பெயரும் இல்லை. 2023-இன் தொடக்கத்திற் பயிற்சிக்குச் சென்ற முதலணிக்கு நான்காண்டு நிறைவது 2026-இன் இறுதியிலும் 2027-இன் தொடக்கத்திலும். இதற்கு முன்னோடி உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இந்தியப் படையில் இருந்தோர் இருபத்தைந்து இலக்கத்தினர். வேலை முடிந்தது, போய் வருக என்று ஓய்வூதியமின்றி விடுக்கப்பட்டவர் இலக்கக்கணக்கினர். அவர்களை அரசு மறந்தது, ஊரும் மறந்தது. அதே மறதியை இருபத்தைந்து அகவை நிரம்பாத நம் பிள்ளைகள்மேல் மீண்டும் ஏவப்போகின்றோமா?

நம் அன்பர்களுள்ளேயே சிலர் என்னை மறுப்பர். 'தில்லியின் படைக்குக் கூலிக்குச் சென்றவனை நாம் ஏன் சிறப்பித்தல் வேண்டும்? அப்படைதானே 1987 முதல் 1990 வரை ஈழத்தில் நின்றது?' என்பர். இக்கேள்வி எளிதன்று. அங்கு நம்மவர் பட்ட துயரை மறக்கவோ மறைக்கவோ நான் சொல்லவில்லை. 1990 மார்ச்சில் அப்படை சென்னைக்குத் திரும்பியபோது, வரவேற்கச் செல்லேன் என்று முதலமைச்சர் கருணாநிதி நின்றதைத் தமிழுலகம் அறியும். ஆனால் ஆணையிட்டவரைக் கேட்க வேண்டிய கேள்வியை ஆணையிட்டவரிடமே கேட்பதுதான் ஆண்மை. கொடுமை செய்தவன் எவனாயினும் முறைமன்றம் ஏறட்டும். அதனை விடுத்து, பதினெட்டு அகவையில் வறுமை துரத்த ஆளெடுப்பு வரிசையில் நின்று, நாற்பது எட்டுமுன் முழங்கால் தேய்ந்து ஊர் திரும்பிய எளியவன்மேல் அரசின் பழியைச் சுமத்துவது என்ன முறை? எடுத்தனூரார் கருந்தேவகத்திக்குக் கல்லெடுக்குமுன், பல்லவன் ஆட்சி நல்லதா தீயதா என்று வழக்காடினரா? தம் ஊரான் பட்டான், கல்லெடுத்தனர். நாம் சிறப்பிக்க வேண்டா என்று ஒதுங்கினால், அச்சிறப்பை வேறொருவர் வேற்றுமொழியில் செய்து, அவனையும் அவன் பிள்ளைகளையும் தம்பக்கம் ஈர்த்துக்கொள்வர். ஈர்த்துக்கொண்டும் வருகின்றனர்.

பட்டவர்க்கு ஊர் செய்ததே இல்லையென்று சொல்லேன். 1999 மே 29-இல் படாலிக்கு முனையில் பட்ட மேசர் சரவணனுக்குத் திருச்சிராப்பள்ளியில் நினைவிடம் உண்டு. 2020 சூன் 15-இல் கல்வான் பள்ளத்தாக்கிற் பட்ட இராமநாதபுரம் மாவட்டத்துப் பழனிக்கு ஊரே திரண்டு கண்ணீர் விட்டது. நன்று. ஆயின் உயிரோடு திரும்பியவர்க்கு?

ஊராட்சிகளில் சனவரி 26, மே 1, ஆகசுட்டு 15, அக்தோபர் 2 ஆகிய நாட்களில் ஊர்மன்றம் கூடுகின்றது. பொன்னாடை போர்த்தும் அதே நாளில் ஒரு தீர்மானமும் வரட்டும். ஊர்ப் படைஞரெல்லார் பெயரும், வாழ்வோர் மறைந்தோர் இருசாராரும், தந்தை பெயரோடு தமிழில் எழுதிய ஒரு பட்டியல் ஊராட்சி ஏட்டில் ஏறட்டும். ஊராட்சிக் கடைகளுள் ஒன்று, முறைப்படி, படைஞர் கைம்பெண்ணுக்கோ நான்காண்டில் திரும்பும் இளைஞனுக்கோ வாடகைக்கு விடப்படட்டும். நிலம் விட இயலாத இக்காலத்தின் உதிரப்பட்டி அதுவே. ஊர் நூலகத்தில் கிழமைக்கு ஒரு மாலை ஓய்வூதியப் படிவம் நிரப்பப் படித்த பிள்ளைகள் இருவர் அமரட்டும்.

வேலூர்ப் பதினால்வரையும் தேடத் தொடங்கலாம். மேலே சொன்ன கல்லறை ஆணையத்தின் பதிவேடு எவரும் கணினியிற் பார்க்கத்தக்கது. இந்தியப் படைஞர் பலர்க்குத் தந்தை பெயரும் ஊரும் வட ஆற்காடு என்னும் மாவட்டப் பெயரும் அதில் உண்டு. ஆங்கில எழுத்திற் சிதைந்து கிடக்கும் அப்பெயர்களைத் தமிழ்ப்படுத்திச் செப்பஞ்செய்வது தமிழாசிரியர் வேலை. வேலூர்ப் பள்ளி ஆசிரியர்கள் மாணவர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறையைச் செலவிட்டாற் போதும். மணிக்கூண்டின் ஆங்கிலக் கல்லை எவரும் பெயர்க்க வேண்டா. அது கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். அதனருகே பதினான்கு வரி கொள்ளும் ஒரு கல் நடுக.