டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்: அரைகுறை வேலை வேண்டாம்

நம் வணிகப் பெருமக்களில் சிலர் பழைய அம்பாசிடர் காரை இன்னும் பேணி வருகின்றனர். 2014-ல் உத்தர்பாராவில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதே விவேகம்.

டைனமோ பொருத்திய ஆரம்ப கால வண்டிகளுக்கு ஆல்டர்னேட்டர் மாட்டுவது நல்லதே என்பது நமது கருத்து. இதை நம் பேரேட்டைக் கொண்டே விளக்கலாம். லூகாஸ் சி40 டைனமோ தருவது 22 ஆம்பியர். அதுவும் வண்டி வேகமெடுத்தால்தான். கடைத்தெரு நெரிசலில் எஞ்சின் ஓடியபடி நிற்கும்போது வரவு ஏறக்குறைய இல்லை. 60 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு மட்டுமே 10 ஆம்பியர் செலவு. வரவில்லாத செலவு முதலைத் தின்னும். இங்கே முதல் என்பது பேட்டரி. ஆல்டர்னேட்டரோ குறைந்த வேகத்திலேயே வரவு வைக்கும்.

ஆனால் சிக்கனம் பார்த்து டைனமோவை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக் கொள்வதை நாம் ஏற்கவில்லை. கூடுதல் மின்சாரம் பாய்ந்தால் பழைய மெல்லிய ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். பேட்டரிக்குச் செல்லும் ஒயரைக் கனமானதாகப் போட வேண்டும். பழைய கட்-அவுட்டை இணைப்பிலிருந்து விலக்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் வண்டியானால், அதற்கேற்ற ஆல்டர்னேட்டர் வேண்டும். இல்லையேல் முதலில் நெகட்டிவ் எர்த்தாக மாற்ற வேண்டும். தவறினால் டயோடுகள் நொடியில் கருகும். எஞ்சின் ஓடுகையில் பேட்டரி இணைப்பைக் கழற்றவே கூடாது.

கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியை அசல் நிலையில் கேட்டு வருபவரிடம் அதற்கும் மதிப்புண்டு. ஒயரில் மிச்சம் பிடித்து வண்டியை இழப்பது வியாபாரமாகாது.