ஒன்று கேட்டேன், இரண்டு வந்தது!

மாலை ஏழு மணி. உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வரும் பேருந்து பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. கைப்பேசி சிங்கப்பூர்த் தொடர்பை விட்டுவிட்டு மலேசியத் தொடர்பைத் தேடுகிறது. அந்த நேரம் பார்த்துத்தான் நம் தங்கை ஒருத்தி, தீபாவளிக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு மாவு கிரைண்டர் வாங்கிவிடலாம் என்று இணைய அங்காடியில் பணம் கட்டுகிறாள். வங்கிப் பக்கம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் ‘பணம் செலுத்தப்படவில்லை’ என்கிறது செயலி. மறுபடியும் ஆர்டர், மறுபடியும் பணம். வீடு வந்து சேரும்போது கைப்பேசியில் இரண்டு உறுதிச் செய்திகள் காத்திருக்கின்றன.

இது யாருக்கும் நடக்கக்கூடியது. பாலத்தில்தான் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. கணவர் ஒரு கணக்கிலும் மனைவி இன்னொரு கணக்கிலும் ஒரே பொருளை வாங்கிய வீடுகள் நிறைய உண்டு. நடந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நேராக விற்பனையாளரோடு சண்டைக்குப் போகிறார்கள், அல்லது ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். நடந்தது இரண்டு ஆர்டரா, அல்லது ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போனதா? செயலியில் ஆர்டர் எண்ணைப் பாருங்கள். பிறகு வங்கிக் கணக்கைப் பாருங்கள். இரண்டையும் ஒப்பிடாமல் யாருக்கும் போன் செய்யாதீர்கள். சட்டத்தின் கண்ணில் இவை இரண்டும் வேறு வேறு விவகாரங்கள்.

ஆர்டர் எண் ஒன்றுதான், பணம் மட்டும் இரண்டு முறை போயிருக்கிறது என்றால், கவலை வேண்டாம். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது: தவறுதலாக ஒருவருக்குப் பணம் செலுத்தப்பட்டாலோ பொருள் ஒப்படைக்கப்பட்டாலோ, பெற்றவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எஃப்பிஎக்ஸ் வழியாகக் கட்டியிருந்தால் பரிவர்த்தனை எண்ணை எடுத்துக்கொண்டு, அங்காடியின் உதவிப் பிரிவிலும் உங்கள் வங்கியிலும் ஒரே நாளில் புகார் பதிவு செய்யுங்கள். ஓரிடத்தில் மட்டும் சொன்னால், ‘அங்கே கேளுங்கள்’ என்று மாறி மாறி அனுப்பப்படுவீர்கள். (இதே பிரிவு நம்மையும் கட்டுப்படுத்தும். விற்பனையாளர் தவறிப்போய் ஒன்றுக்கு இரண்டாக அனுப்பிவிட்டால், ‘அதிர்ஷ்டம்’ என்று அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது.)

ஆர்டர் எண்ணே இரண்டு என்றால் கதை வேறு. அதே சட்டத்தின் 23ஆவது பிரிவுப்படி, ஒரு தரப்பினர் மட்டும் ஒரு விவரத்தைத் தவறாக நினைத்துக்கொண்டார் என்பதற்காகவே ஓர் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட முடியாது. கேட்கக் கடுமையாக இருக்கிறது. ஆனால் விற்பவரின் இடத்திலிருந்து பாருங்கள். இரண்டு கிரைண்டர் கேட்டு ஆர்டர் வந்தது, பணமும் வந்தது. ஒன்று அம்மாவுக்கு, இன்னொன்று மாமியாருக்கு என்று அவர் நினைக்கலாம். நம் மனதில் இருந்த எண்ணிக்கை அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த ‘எப்படித் தெரியும்’ என்ற கேள்வியில்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2003 ஜனவரி 13. சிங்கப்பூரின் டிஜிலேண்ட்மால் இணையத்தளத்தில் 3,854 வெள்ளி விலையுள்ள எச்பி லேசர் பிரிண்டர், ஊழியர் ஒருவரின் கைத்தவறால் 66 வெள்ளி என்று வெளியாகியிருந்தது. விடிவதற்குள் செய்தி நண்பர்களிடையே பரவியது. நிறுவனம் விழித்துக்கொள்வதற்குள் 784 பேர் 1,008 ஆர்டர்கள் வழியாக 4,086 பிரிண்டர்களைக் கேட்டிருந்தார்கள். தளமோ மனிதர் யாரும் பார்க்காமலேயே எல்லாருக்கும் உறுதி மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. நிறுவனம் பொருளைத் தர மறுத்தபோது ஆறு பேர் நீதிமன்றம் போனார்கள். அந்த ஆறு பேர் மட்டும் கேட்டது 1,606 பிரிண்டர்கள். வீட்டுக்கு ஒன்று என்று வைத்தாலும் ஒரு தாமானுக்கே போதும்!

2004இல் உயர் நீதிமன்றத்தில் வி.கே.ராஜா தீர்ப்பளித்தார். இவ்வளவு குறைந்த விலை ஒரு தவறுதான் என்பது அந்த ஆறு பேருக்கும் தெரிந்தே இருந்தது, நள்ளிரவில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதே அதைக் காட்டுகிறது, ஆகவே ஒப்பந்தம் செல்லாது என்றார். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிங்கப்பூர்த் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் அதிலிருக்கும் நியாயம் எல்லாருக்கும் புரியக்கூடியது. எதிர்த்தரப்புக்கு நம் தவறு தெரிந்திருந்தால், அதைச் சாக்காக வைத்து அவர் லாபம் பார்க்க முடியாது. அவருக்குத் தெரியாமலேயே நடந்துவிட்டால், சுமை பெரும்பாலும் நம் தலையில்.

எனவே கிரைண்டர் வாங்கிய தங்கைக்கு இருக்கும் பெரிய ஆயுதம் நேரம். பொருள் இன்னும் ‘டு ஷிப்’ பகுதியில் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். விற்பனையாளர் பார்சல் அனுப்ப ஏற்பாடு செய்வதற்கு முன் ரத்து செய்வது எளிது. அதன் பிறகு அவருடைய சம்மதம் தேவைப்படலாம். எதை ரத்து செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். சலுகை வவுச்சர் பயன்படுத்திய ஆர்டரை அவசரத்தில் ரத்து செய்துவிட்டு, முழு விலை கொடுத்ததை வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ரத்து பொத்தானை அழுத்திய கையோடு விற்பனையாளருக்கு மலாயில் இரண்டு வரி எழுதுங்கள்: ஒரே பொருளைத் தவறுதலாக இருமுறை கேட்டுவிட்டேன், இந்த எண்ணுள்ளதை மட்டும் அனுப்புங்கள், நன்றி. இவ்வளவுதான். நான் பார்த்தவரை, கோபமாக எழுதப்படும் பத்து வரியைவிட இதற்குச் சீக்கிரம் பதில் வருகிறது.

இணைய வணிகத்துக்கென்று நம் நாட்டில் 2013 ஜூலையிலிருந்து விதிமுறைகள் நடைமுறையில் இருக்கின்றன. ஆர்டரை உறுதி செய்வதற்கு முன் பிழையைத் திருத்திக்கொள்ள வாங்குபவருக்கு வழி தர வேண்டும், ஆர்டர் கிடைத்ததைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று அவை விற்பவரிடம் கேட்டன. ‘உறுதி செய்’ என்ற பொத்தானுக்கு முன்னால் வரும் அந்தச் சலிப்பூட்டும் பக்கம் இதற்காகத்தான். அப்படி ஒரு பக்கமே இல்லாத தளம் என்றால் உங்கள் புகாருக்கு வலு உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதுபோல், இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலேயே 14 நாளுக்குள் திருப்பித் தரும் பொது உரிமை நமக்கு இல்லை. சில அங்காடிகள் ‘மனம் மாறியது’ என்ற காரணத்தை ஏற்பது அவர்கள் தரும் சலுகை. எந்தப் பொருளுக்கு, எத்தனை நாள் என்பதை விற்பனைப் பக்கத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்.

பார்சல் வந்தே விட்டதா? பிரிக்காதீர்கள். ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானையும் அழுத்தாதீர்கள். பெரிய அங்காடிகள் நம் பணத்தைத் தங்களிடம் நிறுத்தி வைத்திருப்பது அதுவரைதான். அழுத்தினால் பணம் விற்பவருக்குப் போய்விடும். அழுத்தாவிட்டாலும் குறிப்பிட்ட கெடு முடிந்ததும் தானாகவே போய்விடும். ஆகவே திருப்பி அனுப்பும் கோரிக்கையை அதற்குள் பதிவு செய்ய வேண்டும்.

அந்தக் கோரிக்கையில் காரணம் கேட்பார்கள். அங்கேதான் பலர் ‘பழுதடைந்த பொருள்’ என்று தட்டிவிடுகிறார்கள். அனுப்பும் செலவு மிச்சம், பணமும் சீக்கிரம் வரும் என்ற கணக்கு. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மறுமுனையில் இருப்பது பெரிய நிறுவனம் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். மாசாயிலோ கூலாயிலோ வீட்டு முன்னறையில் அகல் விளக்கும் சேலையும் அடுக்கி வைத்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு பார்சல் கட்டும் ஓர் அக்காவாகவும் இருக்கலாம். அந்த ஒரு பொய்யில் அவருடைய கடைக்குக் கெட்ட பெயர், போக வர அஞ்சல் செலவு, பண்டிகை நேரத்தில் முடங்கிய சரக்கு. ‘தவறுதலாக இருமுறை வாங்கினேன், திருப்பி அனுப்பும் செலவை நான் ஏற்கிறேன்’ என்று கேட்டுப் பாருங்கள்.

விற்பவர் உண்மையிலேயே தவறு செய்து, பணத்தையும் தர மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. கட்டணம் ஐந்து ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் நம் விரல் இரண்டு முறை அழுத்தியதை அந்த ஐந்து ரிங்கிட் விற்பவரின் குற்றமாக மாற்றிவிடாது.

இன்னொன்று, ‘உங்கள் கணக்கில் இரட்டைக் கட்டணம் போயிருக்கிறது, திருப்பித் தருகிறோம், கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று யாராவது அழைத்தால் உடனே துண்டித்துவிடுங்கள். பணம் திருப்பித் தர அந்த எண் யாருக்கும் தேவையில்லை. சொல்லிப் பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 997, தேசிய மோசடி எதிர்வினை மையம்.

கணவனும் மனைவியும் தனித்தனிக் கணக்கில் வாங்கும் வீடுகளுக்கு மட்டும் எந்தச் செயலியும் உதவாது. அடுத்த 11.11 விற்பனைக்கு முன், யார் எதை வாங்குவது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதி வைத்துவிடுங்கள். மாமியாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரும் இப்போது ஆர்டர் போடுகிறார்.