அயர்லாந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

புளியந்தீவில் இலக்கியக் கூட்டம் என்றால் அயர்லாந்து வராமல் முடிவதில்லை. தமிழ்த் தேசியம் பேசுகிற நண்பர் எழுந்தால் யேட்ஸையும் 1916 ஈஸ்டர் எழுச்சியையும் சொல்வார். 1981இல் சிறைக்குள் உண்ணாதிருந்து இறந்த பொபி சாண்ட்ஸைச் சொல்லி, அங்கிருந்து 1988இல் மாமாங்கத்தில் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட அன்னை பூபதிக்கு வருவார். அதிலே எனக்குப் பிணக்கில்லை. நம்மவர்கள் அதே அயர்லாந்தைக் கடன் வாங்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சிறிய இனம் தன் இலக்கியத்தாலேயே தேசமாக எழுந்ததாம்; ஆகவே முஸ்லிம் எழுத்தாளனும் தன் சமூகத்துக்காக மட்டுமே எழுத வேண்டுமாம்; வீட்டுக் குறையைச் சந்தியில் வைக்கும் எழுத்து நமக்கு வேண்டாமாம். 2003இல் ஒலுவில் பிரகடனத்தோடு கிளம்பிய அந்தக் குரல் இருபது வருடம் கழிந்தும் தொண்டை மாறாமல் ஒலிக்கிறது.

முஸ்லிம்கள் தனித்த தேசிய இனமா என்ற அரசியல் கேள்விக்குள் நான் இங்கே போகவில்லை. உரிமை கேட்பது வேறு, அதற்காகக் கதையின் வாயைக் கட்டுவது வேறு. இரண்டாவதற்கு அயர்லாந்தைச் சாட்சிக்கு அழைத்தால் அந்தச் சாட்சி உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

ஜோன் மில்லிங்டன் சிஞ் என்பவர் புரட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். கத்தோலிக்கர் பெரும்பான்மையான நாட்டில் சிறுபான்மை. 1898இலிருந்து சில ஆண்டுகள் மேற்குக் கரையோரத்து அரன் தீவுகளுக்குப் போய்த் தங்கி, அங்குள்ள மீனவர்களும் பெண்களும் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். 1907 ஜனவரியில் டப்ளின் அபே அரங்கில் அவருடைய நாடகம் ஒன்று மேடையேறியது. தகப்பனைக் கொன்றுவிட்டு வந்ததாகச் சொல்லும் ஒரு வாலிபனை ஒரு கிராமமே வீரனாக்கிக் கொண்டாடுகிற நையாண்டி அது. அதில் பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சாதாரணச் சொல் வந்ததும் சபை கொதித்தெழுந்தது. ஐரிஷ் பெண்மைக்கு இழுக்கு, ஐரிஷ் விவசாயிக்கு அவதூறு என்று கூச்சல். பொலிசை வைத்துக்கொண்டுதான் தொடர்ந்து நடத்த முடிந்தது. சின் பெயின் இயக்கத்தை ஆரம்பித்த ஆர்தர் கிரிபித் தன் பத்திரிகையில் நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

கவனியுங்கள், கூச்சலிட்டவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள் அல்லர். நாட்டை நேசித்தவர்கள்தாம். அவர்களுக்கு ஒரு கிராமத்துப் பெண் தேவைப்பட்டாள்; ஆனால் அவள் படத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது.

1926இல் ஷோன் ஓகேஸி, எழுச்சி நடந்து பத்தே வருடத்தில், அதை டப்ளின் சேரிகளின் பக்கமிருந்து நாடகமாக்கினார். மதுக்கடைக்குள் தேசியக் கொடி வருகிறது, அதே கடையில் ஒரு விலைமாதுவும் இருக்கிறாள். மறுபடியும் கலவரம். இம்முறை எதிர்த்தவர்களில் அந்த எழுச்சிக் காலத்தில் கணவனையும் பிள்ளையையும் பறிகொடுத்த பெண்களும் இருந்தார்கள். அவர்களை நான் எள்ளி நகையாட மாட்டேன். துயரத்துக்குக் கோபப்பட உரிமை உண்டு. துயரத்தின் பெயரால் அடுத்தவன் பேனாவைப் பறிக்கிற உரிமை எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

இதற்குள் 1922இல் விடுதலை கிடைத்துவிட்டது. கிடைத்த அரசு செய்த வேலைகளில் ஒன்று 1929இன் நூல் தணிக்கைச் சட்டம். அந்நியன் போன பிறகு சொந்த எழுத்தாளனின் புத்தகத்தைச் சொந்த அரசு தடைசெய்தது. எட்னா ஓப்ரையன் 1960இல் இரண்டு கிராமத்துப் பெண்பிள்ளைகளைப் பற்றி எழுதிய முதல் நாவலுக்கும் அதுவே கதி. அவர் லண்டனில் இருந்துகொண்டு எழுதினார். அதே காலத்தில், 'பாவம்' செய்தவர்கள் என்று குற்றஞ்சாட்டிப் பெண்களைக் கன்னியாஸ்திரிகளின் சலவைச்சாலைகளுக்குள் அடைத்துக் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். கடைசிச் சாலை மூடப்பட்டது 1996இல். அரசு மன்னிப்புக் கேட்டது 2013இல். ஊருக்குத் தெரியாத இரகசியமா அது? துணி கொடுத்து வெளுத்து வாங்கியதே ஊர்தானே. தேசத்தின் மானம் காக்கப்பட்டது, பெண்கள் உள்ளே இருந்தார்கள்.

இனி நம்முடைய வாவிக்கரைக்கு வருவோம். கிழக்கின் நாட்டார் கவிகளை அறியாதவர் இல்லை. மட்டக்களப்பு நாட்டுப்பாடல் என்று பேராசிரியர்கள் மெச்சித் தொகுத்தவற்றில் கணிசமானவை முஸ்லிம் கிராமங்களில் கேட்டு எழுதப்பட்டவை. மச்சானை நினைத்து மச்சி பாடுகிறாள். ஆசையைச் சொல்கிறாள், ஏமாற்றியவனை ஏசுகிறாள், உடம்பைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுகிறாள். அவள் நம் மூத்தம்மா. ஐந்து வேளையும் தொழுதவள். அனார் இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியபோது அது வெறும் நாட்டாரியல் வேலை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மூத்தம்மா பாடிய ஒரு வரியை இன்று பேத்தி கவிதையில் எழுதினால் அவளுடைய வாப்பாவுக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது. டப்ளின்காரனின் உள்ளாடைச் சொல்லுக்கும் இதற்கும் என்ன தூரம்?

தமிழ்த் தேசிய இலக்கியத்தின் கணக்கையும் விட்டுவிட முடியாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது எழுந்த கவிதைகளில் இன்றுவரை அதிகம் பேசப்படுவது எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'. கல்முனைக்குடிக்காரர் எழுதியது. ஒன்பது வருடம் கழித்து, 1990 ஆகஸ்ட் 3இல், காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஒன்பதாம் நாள் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் மணித்தியாலக் கணக்கில்தான். நுஃமானின் கவிதையை மேடைதோறும் வாசித்தவர்களில் எத்தனை பேர் இதற்கு ஒரு வரி எழுதினார்கள்? ஜெயபாலன் போன்ற சிலர் பேசினார்கள், அதை நான் மறக்க மாட்டேன். மற்றவர்கள் 'இப்போது பேசினால் எதிரிக்கு வாய்ப்பாகும்' என்றார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியும் கவிஞருமான செல்வியை 1991இல் புலிகள் பிடித்துச் சென்றபோதும் அதையே சொன்னார்கள். செல்வி திரும்பி வரவில்லை.

'எதிரிக்கு வாய்ப்பாகும்.' இந்த வாக்கியத்தை நாம் முப்பது வருடமாகச் சபித்து வந்தோம். இப்போது நமது வாயிலிருந்தே அது வருகிறது.

1990ஐப் பற்றி நமது கவிஞர்கள் எழுதினார்கள், எழுதியே ஆக வேண்டும், இன்னும் போதாது. ஆனால் 2004இல் காத்தான்குடியில் சூபி வழியினரின் வீடுகளும் உடைமைகளும் தாக்கப்பட்டனவே, அதைச் செய்தது யார்? 2006இல் அவர்களின் தலைவர் ஒருவரை அடக்குவது பற்றியே கலவரம் வெடித்ததே? கலிமா சொன்னவனின் கூரையைக் கலிமா சொன்னவன் பிரித்த அந்தக் காட்சியை வைத்து எத்தனை சிறுகதை வந்திருக்கிறது? 2012இல் ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித், பாலியல் தொழில் பற்றி வானொலிக்குச் சொன்ன ஒரு கருத்துக்காக ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. 2015இல் அவர் கொல்லப்பட்டுவிட்டதாகப் பொய்ப் படம் பரப்பிச் சந்தோஷப்பட்டார்கள். அப்போது நமது சஞ்சிகைகளின் தலையங்கங்கள் எதைப் பற்றி இருந்தன என்று பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். அவருடைய கருத்தோடு உடன்பட வேண்டும் என்று யார் கேட்டது?

2017 மார்ச்சில் அதே காத்தான்குடியில் சஹ்ரானின் ஆட்கள் சூபிகளோடு மோதினார்கள். அதன் பிறகு அவன் தலைமறைவானான். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் வெடித்தது. இறந்தவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பலர். கதை எழுதியிருந்தால் குண்டு வெடித்திராது என்று சொல்லுமளவுக்கு நான் மடையன் இல்லை. சிறுகதைக்கு அந்தச் சக்தி கிடையாது. ஆனால் தெருவில் என்ன வளர்கிறது என்பதைப் பார்த்துச் சொல்ல எழுத்தாளனைவிட வேறு யாரை வைத்திருக்கிறோம்? கூரை பிரிக்கப்பட்டபோது அவனைக் கண்ணை மூடச் சொன்னது யார்?

இந்த இடத்தில் நண்பர்கள் அஹ்னாப் ஜஸீமின் பெயரைச் சொல்வார்கள். நியாயமான ஆட்சேபம், பதில் சொல்லத்தான் வேண்டும். மன்னாரைச் சேர்ந்த அந்த இளம் ஆசிரியர் 2017இல் 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2020 மே மாதம் அந்தத் தொகுதியைக் காட்டியே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரைப் பிடித்தார்கள். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. எழுதினால் இதுதான் கதி, ஆகவே வாயை மூடு என்பது நண்பர்களின் பாடம். எனக்கு அதிலிருந்து வேறொன்று தெரிகிறது. அந்தத் தொகுதியில் தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகளே இருந்தன. தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் அதற்கு வியாக்கியானம் சொன்னார்கள். பேரினவாதம் உங்களைப் பிடிப்பதற்கு உங்கள் எழுத்து தேவையில்லை, பெயர் போதும். அப்படியிருக்க மௌனம் எந்தப் பாதுகாப்பைத் தந்துவிடப் போகிறது? மௌனத்தால் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஊருக்குள் இருக்கிற சில பெரிய மனிதர்கள் மட்டுமே.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்த ஒரு விடயம்: பிள்ளை பிழையாக வாசித்தால் திருத்தலாம், வாசிக்கப் பயந்தால் திருத்த முடியாது. வகுப்பறைக்கு வெளியிலும் இது பொருந்தக் கண்டிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, வயது முப்பதுக்குள், ஒரு கதை எழுதியிருக்கிறார். தலாக்கான ஒரு பெண் மாதக்கணக்கில் செலவுப் பணத்துக்காகக் காதி நீதிமன்றத்துக்கும் பள்ளி நிருவாகிகளின் வீடுகளுக்கும் நடக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்து உபசரித்து அனுப்பிவிடுகிறார்கள். கதை அவ்வளவுதான். ஒரு திட்டு இல்லை, ஒரு முழக்கம் இல்லை. ஒரு சஞ்சிகை அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. 'தரமானது, ஆனால் இந்தக் காலகட்டத்தில் சமூகத்துக்கு உகந்ததல்ல' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி. ஊரின் பெயரை மாற்றினால் போடுவார்களா சேர் என்று அவர் என்னைக் கேட்டார். மாற்ற வேண்டாம் என்றேன்.

கதை பதினொரு பக்கம். இந்தக் கட்டுரையோடு அதே உறையில் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புகிறேன். இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் கட்டுரையை நிறுத்திவிட்டுக் கதையைப் போடுங்கள்.