கடைசி நடையை யார் ஓட்டுவது?

ஹாங்காங்கின் செயுங் சாவ் தீவுக்குப் பாலம் கிடையாது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வாழும் அந்தத் தீவிலிருந்து நகரத்துக் கல்லூரிக்குப் போகிற மாணவர், சரக்கு வாங்கிவரும் கடைக்காரர், இரவுப்பணி முடித்துத் திரும்பும் செவிலியர் என எல்லோருக்கும் சென்ட்ரல் படகுத்துறையிலிருந்து புறப்படும் தனியார் படகுதான் சாலை. விரைவுப் படகு முக்கால் மணிக்குள் கொண்டுசேர்க்கும், சாதாரணப் படகுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஞாயிறும் விடுமுறையும் வந்தால் சுற்றுலாக் கூட்டம் வரிசை கட்டி நிற்கும். நள்ளிரவு தாண்டிய நடையில் வீடு திரும்புகிறவர்கள் மட்டுமே இருப்பார்கள். அந்த நடையும் ஓடியாக வேண்டும். கால அட்டவணையை உரிமம் கட்டிவைத்திருக்கிறது.

தீவுப் படகுச் சேவைக்குத் தனியாரிடம் உரிமம் கொடுப்பதைப் பற்றி நம் துறையில் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் கட்டணத்தில் தொடங்கிக் கட்டணத்திலேயே முடிந்துவிடுகிறது. டிக்கெட் விலையை யார் நிர்ணயிப்பது, ஆண்டுக்கு எவ்வளவு கூட்டலாம், முதியோருக்கு எவ்வளவு சலுகை என்பவை எல்லாம் பேசப்பட வேண்டியவைதான். ஆனாலும் அவற்றுக்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆள் குறைந்த நடையின் செலவு யார் தலையில்? இதற்கு உரிமப் பத்திரத்தில் தெளிவான விடை இல்லையென்றால் நடத்துநர் தானாகவே ஒரு விடையைக் கண்டுபிடித்துக்கொள்வார். சேவையை நிறுத்துவார், அல்லது பழைய படகையே இழுத்து ஓட்டுவார், அல்லது கூட்ட நாளில் அளவுக்கு மீறி ஏற்றுவார்.

ஹாங்காங்கை இங்கே விரிவாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தீவுப் படகுகளைத் தனியாரிடம் விட்டுவிட்டு, அதே சமயம் அரசின் பிடியையும் தளர்த்தாமல் நடத்திப் பார்த்த ஊர்களில் அது முக்கியமானது. அதன் அனுபவம் பெரும்பகுதி அரசு ஆவணங்களில் திறந்தே கிடக்கிறது.

அங்கே 1923இல் தொடங்கிய ஹாங்காங் அண்ட் யாவ்மாட்டி ஃபெரி நிறுவனம் பல பத்தாண்டுகள் துறைமுகத்தையும் வெளித்தீவுகளையும் ஆண்டது. துறைமுகத்தைக் கடக்கும் கூட்டம் அதன் வருமானம், தீவு வழித்தடங்கள் அதன் கடமை. 1972இல் கடலடிச் சுரங்கச் சாலை திறந்தது. 1980இல் மெட்ரோ ரயிலும் துறைமுகத்தின் அடியில் ஓடத் தொடங்கியது. வருமானம் தரும் தடங்களில் ஆள் குறைந்துவிட, இலாபத் தடத்தின் பணத்தில் நட்டத் தடத்தை ஓட்டும் பழைய கணக்கு குலைந்தது. 1999 மார்ச்சோடு நிறுவனத்தின் பிரத்தியேகச் சேவையுரிமை முடிவுக்கு வந்தது. 2000 ஜனவரியில் வெளித்தீவுத் தடங்கள் பல நியூ வேர்ல்ட் ஃபர்ஸ்ட் ஃபெரி நிறுவனத்தின் கைக்குப் போயின.

இந்தக் கைமாற்றத்தோடு சட்ட அந்தஸ்தும் மாறியது. ஹாங்காங் படகுச் சேவைச் சட்டம் இரண்டு வகை அனுமதிகளைக் கொடுக்கிறது. ஒன்று ஆட்சித் தலைவர் தம் ஆலோசனை மன்றத்தோடு வழங்கும் பிரத்தியேகச் சேவையுரிமை. மற்றது போக்குவரத்து ஆணையர் வழங்கும் உரிமம். துறைமுகத்தைக் குறுக்கே கடக்கும் ஸ்டார் ஃபெரி முதல் வகையில் இருக்கிறது. அதற்கு இப்போது 15 ஆண்டுக் காலம் உறுதி. வெளித்தீவுகள் இரண்டாம் வகைக்கு வந்தன. அப்போது வழக்கமாக மூன்று ஆண்டு உரிமம், அதன் பிறகு நீட்டிப்பு அல்லது புதிய டெண்டர். மெட்ரோ, பஸ், சுரங்கச் சாலை என்று மாற்று வழி பல உள்ள தடத்துக்கு 15 ஆண்டு, படகைத் தவிர வேறு வழியே இல்லாத தீவுக்கு மூன்று ஆண்டு. இந்தத் தலைகீழ் வரிசைதான் பின்னால் வந்த பல சிக்கல்களுக்கு வேர் என்பது இவ்விதழின் கருத்து.

ஒரு பயணிகள் படகை முறையாகப் பராமரித்தால் இருபது, இருபத்தைந்து ஆண்டு ஓடும். அடுத்த டெண்டரில் தடம் கையில் இருக்குமா என்று தெரியாத நடத்துநருக்கு வங்கி எந்த நம்பிக்கையில் கடன் கொடுக்கும்? அவர் ஏன் புதுப் படகு கட்டுவார்? இருக்கிற படகுக்கு வண்ணம் அடித்து அடுத்த மூன்று ஆண்டை ஓட்டிவிடுவதுதான் அவருடைய கணக்குக்குச் சரி. இதில் அவரைக் குறைசொல்ல இடமில்லை. உரிமக் காலத்தைத் தீர்மானித்தவர்கள் படகின் ஆயுளைப் பார்க்கவில்லை.

அதோடு தரைவழியும் குறுக்கிட்டது. 1997இல் லன்டாவ் தீவுக்குப் பாலச் சாலையும் 1998இல் துங் சுங்குக்கு ரயிலும் வந்தன. லன்டாவின் பழைய வாசலாக இருந்த முய் வோ படகுத்துறைக்குப் போட்டி வந்தது. பாலம் இல்லாத செயுங் சாவ், லம்மா, பெங் சாவ் தீவுகளோ படகையே நம்பி நின்றன. எல்லாத் தடத்துக்கும் ஒரே அச்சில் வார்த்த உரிமம் போதாது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். எரிபொருள் விலை ஏறியபோது கட்டணத்தைக் கூட்டக் கேட்டு நடத்துநர்கள் வந்தார்கள். தீவுவாசிகள் எதிர்த்தார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்ததால் ஆணையர் அலுவலகம் நடுவில் மாட்டிக்கொண்டது.

2011இல் அரசு இறங்கிவந்தது. ஆறு முக்கிய வெளித்தீவுத் தடங்களுக்குச் சிறப்பு உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது. கையில் ரொக்கத்தை அள்ளிக் கொடுக்காமல், படகு பராமரிப்புச் செலவு, முதியோர் சலுகையால் வரும் இழப்பு போன்ற குறிப்பிட்ட செலவுகளைக் கணக்குக் காட்டித் திரும்பப் பெறும் முறை அது. எதிர்பார்த்ததைவிட இலாபம் கூடினால் அதிலும் பங்கு கேட்டார்கள். நம் துறையினர் கவனமாகப் படிக்க வேண்டிய ஏற்பாடு இது. மானியம் எந்தச் செலவுக்கு என்று தெரிகிறது. நடத்துநர் சிக்கனமாக ஓட்டினால் அவருக்கும் மிச்சம்.

அரசின் அடுத்த மறுஆய்வு இன்னும் தெளிவாகப் பேசியது. உதவித் திட்டத்தை ஆறு தடங்களிலிருந்து பதினான்காக விரிப்பது, உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டுவது, பழைய படகுகளை மாற்ற அரசே பணம் போடுவது என்ற முடிவுகள் எடுக்கப்பட்டு, 2021 முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரத் தொடங்கின. மூன்று ஆண்டு உரிமத்தை நம்பி யாரும் படகு கட்ட மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள இருபது ஆண்டு ஆகியிருக்கிறது. இருந்தும் ஐந்து ஆண்டு போதும் என்று இவ்விதழ் நினைக்கவில்லை. அரசு பணம் போட்டுக் கட்டும் படகு, நடத்துநர் மாறும்போது தடத்தோடு தங்குமா, ஆளோடு போகுமா என்பதை முதல் நாளிலேயே எழுதிவைத்தால்தான் குறுகிய கால உரிமத்துக்கும் அர்த்தம் இருக்கும்.

நீண்ட காலம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் முடியாது. ஐரிஷ் கடலில் உள்ள மேன் தீவு அதற்குச் சாட்சி. டக்ளஸ் துறைமுகத்தில் வாகனங்களும் சரக்கும் ஏறி இறங்க அரசு கட்டிய இணைப்புப் பாலத்தைப் பயன்படுத்தும் உரிமையை 1995இல் ஸ்டீம் பாக்கெட் நிறுவனம் ஒப்பந்தமாகப் பெற்றது. ஈடாகக் குறைந்தபட்சச் சேவையையும் கட்டண வரம்பையும் ஏற்றுக்கொண்டது. கட்டுப்பாட்டைத் துறைமுகப் பாலத்தின் வழியே நுழைத்தது கெட்டிக்காரத்தனம். ஆனால் உறுதியான வருமானம் உள்ள நிறுவனம் முதலீட்டாளர் கண்ணில் படாமல் இருக்குமா? 2003இலும் மறுபடி 2005இலும் அது கைமாறியது, கடன் சுமை ஏறியது, கடைசியில் கடன் கொடுத்தவர்களின் கைக்கே போனது. 2018இல் தீவு அரசு ஏறக்குறைய 12.4 கோடி பவுண்டு கொடுத்து நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. உரிமம் பெற்ற நிறுவனம் கைமாறும்போது அரசின் சம்மதம் தேவை என்ற ஒரு வரி எவ்வளவு பணம் பெறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இனிப் பாதுகாப்பு. தடத்துக்கு உரிமம் கொடுப்பது ஒரு அலுவலகம், படகைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது இன்னொரு அலுவலகம் என்பதே பல நாடுகளின் வழக்கம். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் போனால் என்ன ஆகும்? 2012 அக்டோபர் 1ஆம் தேதி இரவு, வாணவேடிக்கை பார்க்க மின் நிறுவன ஊழியர்களையும் குடும்பத்தினரையும் ஏற்றிச்சென்ற லம்மா 4 என்ற படகும், லம்மா தீவுக்கு ஓடும் உரிமம் பெற்ற பயணிகள் படகு ஒன்றும் மோதிக்கொண்டன. லம்மா 4 சில நிமிடங்களில் பின்பக்கமாக மூழ்கியது. 39 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் குழந்தைகள். இருந்திருக்க வேண்டிய நீர்புகாக் கதவு ஒன்று அந்தப் படகில் இல்லவே இல்லை என்று விசாரணை ஆணையம் கண்டது. குழந்தைகளுக்கான உயிர்காப்பு அங்கியும் இல்லை. அந்தப் படகு ஆண்டுதோறும் சோதனையில் தேறிவந்திருக்கிறது. மூழ்கிய படகு உரிமத் தடத்தில் ஓடியதல்ல என்பது உண்மை. எனினும் உரிமம் வழங்கும் அதிகாரி, சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திடலாமா என்ற கேள்வி எல்லாத் துறைமுகத்துக்கும் பொது.

கேரளத்தின் தானூர் இன்னும் அருகில் இருக்கிறது. 2023 மே 7ஆம் தேதி மாலை மங்கிய பிறகு கவிழ்ந்த தனியார் உல்லாசப் படகில் 22 பேர் மாண்டார்கள். மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றியமைத்துப் பயணிகளை ஏற்றியிருந்தார்கள், அதுவும் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல். 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. சட்டப் புத்தகத்தில் குறை அதிகம் இல்லை. ஏறுகிறவர்களை எண்ணுவதற்குத் துறையில் ஆள் இல்லை. தலையெண்ணும் பொறுப்பைப் படகை ஓட்டும் சாரங்கிடம் மட்டும் விட்டால், டிக்கெட் விற்ற முதலாளி ஏற்றச் சொல்லும்போது அவர் எப்படி மறுப்பார்? எண்ணும் ஆள் நடத்துநரின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. உரிமக் கட்டணத்தில் ஒரு பகுதியை அவருடைய சம்பளத்துக்கென்றே ஒதுக்கிவைக்கலாம்.

நம் கடலுக்கு வருவோம். 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பெரிய கப்பலைத் தனியார் நிறுவனம் ஒன்று விட்டது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய கப்பல். சில மாதங்களில் சேவை நின்றது. கடன் நிலுவைக்காகக் கப்பல் கொழும்பில் தடுத்துவைக்கப்பட்டது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற கப்பல் புறப்பட்டபோது இரு கரையிலும் மகிழ்ச்சி பொங்கியது. வடகிழக்குப் பருவமழை நெருங்கவே சில நாட்களில் அது நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டு 16 முதல் தனியார் நிறுவனம் சிவகங்கை கப்பலைக் கொண்டு அதே தடத்தில் ஓட்டத் தொடங்கியது. நவம்பரில் மறுபடி நிறுத்தம், 2025 பிப்ரவரியில் மறுபடி தொடக்கம்.

ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும் என்பது நாகையில் யாருக்கும் செய்தி இல்லை. ஆகவே மாதக்கணக்கில் கப்பல் நிற்கும் காலத்தை விபத்தாக எண்ணாமல், சேவையின் இயல்பாகவே உரிமத்தில் எழுத வேண்டும். எந்த வாரத்தில் நிறுத்துவது, எந்த அலை உயரத்துக்கு மேல் புறப்படக் கூடாது, அதை அறிவிப்பது யார், முன்பதிவு செய்தவருக்கு எத்தனை நாளில் பணம் திரும்பும், நிற்கும் மாதங்களில் மாலுமிகளின் சம்பளத்துக்கும் துறைமுகக் கட்டணத்துக்கும் யார் பொறுப்பு என்பதெல்லாம் டெண்டர் ஆவணத்திலேயே இருந்தால், போட்டியிடும் நிறுவனமும் அதற்கேற்ற விலையைக் கேட்கும். இல்லாவிட்டால் குறைந்த விலை சொல்லி உரிமம் வாங்கியவர் முதல் மழைக்கே திணறுவார்.

யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்கிறவர்களுக்கு இவை எதுவும் புதிதல்ல. ஆனித் திருவிழாவில் நயினாதீவுக்கு அலைமோதும் கூட்டத்தையும், காற்று கிளம்பிய நாளில் நெடுந்தீவுக்குப் போக வேண்டிய நோயாளியையும் ஒரே துறை சமாளிக்கிறது. முதலாவது வருமானம், இரண்டாவது கடமை. இரண்டையும் ஒரே பத்திரத்தில் கட்டாமல், திருவிழா நடைகளை ஒருவருக்கும் அன்றாட நடைகளை இன்னொருவருக்கும் பிரித்துக் கொடுத்தால், இரண்டாமவர் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க மாட்டார்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உரிம வரைவுகளைத் தயாரிக்கும் துறைமுக அதிகாரிகளிடமும், அவற்றுக்கு விலை சொல்லப்போகும் நடத்துநர்களிடமும் இவ்விதழ் வைக்கும் கோரிக்கை இதுதான். கட்டண அட்டவணையை இணைப்பதற்கு முன்பாக நடை அட்டவணையை இணையுங்கள். அதில் ஒவ்வொரு நடைக்கும் எதிரே, ஆள் வராவிட்டால் அதன் செலவு டிக்கெட்டிலிருந்தா, மற்றொரு தடத்தின் இலாபத்திலிருந்தா, அரசுக் கருவூலத்திலிருந்தா என்று ஒரு பத்தி இருக்கட்டும். அந்த அட்டவணையைத் தீவு மக்கள் படிக்கும்படி துறையிலேயே தமிழில் ஒட்டிவையுங்கள். அடுத்த டெண்டர் வெளியாகும் முன் இதைச் செய்ய ஒரு சுற்றறிக்கையே போதும். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.