ஐம்பத்தாறு வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: முதலீடா, வீண்செலவா?

"என்ன ஹாஜியார், பேரப்பிள்ளைகளைக் கண்ட வயதில் இந்தக் கார் எல்லாம் தேவையா?"

கம்பளை நகரில் என் கடை வாசலில் இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார். கேட்பவர்கள் பெரும்பாலும் என் வயதை ஒத்தவர்கள். இளைஞர்கள் வேறு விதமாகப் பேசுகிறார்கள். "நல்ல முதலீடு ஹாஜியார், வைத்திருங்கள், விலை ஏறிக்கொண்டே போகும்" என்கிறார்கள். முதலாவது கேள்வி என்னைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. இரண்டாவது பாராட்டைத்தான் ஆபத்தானதாகக் கருதுகிறேன். அதை நம்பி நான் ஒருமுறை வழுக்கி விழப் பார்த்தேன். ஆகவே இதுபற்றி எமது வர்த்தக சகோதரர்களோடு கொஞ்சம் மனம் திறந்து பேச விரும்புகிறேன்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் எனக்குப் பத்து வயதிருக்கும். வாப்பாவின் இரும்புக் கடைக்கு, மேலே தோட்டத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை ஆணியும் கம்பியும் வாங்க வருவார். அவர் வந்த கார் கைக்குழந்தை போலச் சிறியது. முன்பக்க மூடியின் மேலே இரண்டு விளக்குகளும் தவளையின் கண்கள் போல முழித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பெயரே 'தவளைக் கண்' என்றுதான். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னர் துரையையும் காணவில்லை, காரையும் காணவில்லை. நான் கல்லாவில் உட்கார்ந்தேன். கல்யாணம், பிள்ளைகள், சகோதரிகளின் கல்யாணம், கடன், காசோலை என்று நாற்பது வருடங்கள் போய்விட்டன. எமது வர்த்தகர்களில் அனேகரின் கதை இதுதான்.

அந்தக் காரின் பெயர் ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட். 1958 மே மாதத்தில் மொன்டே கார்லோவில் அறிமுகமானது. 1961 வரை ஏறத்தாழ 49,000 கார்கள் செய்யப்பட்டன. இதன் பின்னால் வியாபாரிகளுக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. டொனால்ட் ஹீலி என்பவரும் பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷனும் சாதாரண மனிதர் வாங்கக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்ய நினைத்தார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போகவில்லை. கைவசம் இருந்ததையே பாவித்தார்கள். என்ஜின், முன்பக்கத் தாங்கு அமைப்பு என்பன ஒஸ்டின் ஏ35 இலிருந்தும், ஸ்டியரிங் மொரிஸ் மைனரிலிருந்தும் வந்தன. செலவைக் குறைக்க வெளிப்பக்கக் கதவுக் கைப்பிடியே வைக்கவில்லை. உள்ளே கையை விட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். டிக்கிக்கு மூடியும் கிடையாது. இருக்கைக்குப் பின்னால் தலையை நுழைத்துத்தான் மேலதிகச் சக்கரத்தை இழுத்தெடுக்க வேண்டும். விளக்குகள் மடிந்து படுக்கும்படிதான் முதலில் வரைந்திருந்தார்கள். செலவு கூடும் என்று அதையும் விட்டுவிட்டு நிமிர்ந்தபடியே பொருத்திவிட்டார்கள். மிச்சம் பிடிக்கப்போய் வந்த அந்த முகத்தைத்தான் இன்று உலகமே விரும்புகிறது.

948 சீசீ என்ஜின், 43 குதிரைவலு, எடை சுமார் 660 கிலோ. எங்கள் கடைக் கணக்கில் சொன்னால் பதின்மூன்று சீமெந்து மூட்டைகள். எமக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. அந்தக் காலத்து மொரிஸ் மைனர் 1000 காரின் என்ஜினும் இதே இனம்தான். மொரிஸ் மைனரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய பாஸ்மார் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். பஞ்சிகாவத்தையில் தேடினால் சில சாமான்களும் கிடைக்கும். மற்றவற்றை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். அந்த இன என்ஜின் மினி காரில் 2000 ஆம் ஆண்டு வரை ஓடியதால் உதிரிப்பாகம் அற்றுப்போகவில்லை.

2018 இல் எனக்கு 56 வயது. மகன் கடையைப் பொறுப்பெடுத்திருந்தான். கண்டிப் பக்கம் ஒருவரிடம் '1 ஸ்ரீ' இலக்கத்துடன் ஒரு ஸ்ப்ரைட் ஓடாமல் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்த்தபோது எனக்கு மீண்டும் பத்து வயதாகிவிட்டது. வியாபாரி ஒருபோதும் செய்யக்கூடாத தவறை அன்று செய்தேன். சாமானைப் பார்க்கு முன்னரே அதை விரும்பிவிட்டேன். நாற்பது வருடம் பேரம் பேசிய வாய் அன்று மூடிக்கொண்டது. இரண்டு புதிய முச்சக்கரவண்டிகளின் விலையைக் கொடுத்து ஏற்றி வந்தேன்.

கராஜில் அடிப்பாகத்தைச் சுரண்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. இந்தக் காருக்குத் தனியான செசி கிடையாது. உடம்புதான் எலும்பு. கதவுக்குக் கீழே உள்ள பெட்டி போன்ற பகுதி, கால் வைக்கும் தளம், பின்பக்க வில் பூட்டியிருக்கும் இடம் ஆகிய மூன்றும் துருப்பிடித்துப் போயிருந்தன. அதன்மேல் பட்டி பூசி, அழகாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கையில் ஒரு சிறிய காந்தம் கொண்டுபோயிருந்தால் அன்றே கண்டுபிடித்திருக்கலாம். தகரம் இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. இரும்புக் கடைக்காரனுக்கே காந்தம் ஞாபகம் வரவில்லை! முதலில் வேலைக்குக் கொடுத்த இடத்திலும் ஏழு மாதம் காரை வெயிலில் போட்டுவிட்டு முற்பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு மொரிஸ் மைனர் வேலை தெரிந்த ஒரு வயதான பாஸிடம் கொண்டுபோனேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "முதலாளி, வாங்கின விலையை மறந்துவிடுங்கள், இனித்தான் செலவே ஆரம்பம்" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது.

2019 கடைசியில் ஒதுக்கி வைத்த காசு முடிந்துவிட்டது. கார் பாதியில் நின்றது. வங்கியில் கடைப் பெயரில் மேலதிகப் பற்று வசதி இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து வேலையை முடித்துவிடலாம், எப்படியும் விலை ஏறும் சாமான்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'முதலீடு' என்ற சொல் மனிதனை எப்படி ஏமாற்றும் என்பதை அப்போதுதான் கண்டேன். என் மனைவிதான் தடுத்தார். "உங்கட காசுல என்னவும் செய்யுங்க. கடைக் காசுல ஒரு சதம் தொட வேணாம். அதுல ஏழு குடும்பம் சாப்பிடுது" என்றார். கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் கேட்டேன். கார் பாதியிலேயே கிடந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. நாட்டிலிருந்த வாகனங்களின் விலை ஏறியது. பாதிக் காராகக் கிடந்த என் ஸ்ப்ரைட்டுக்கும் நண்பர்கள் வாயாலேயே விலை வைத்தார்கள். நான் போட்டதைப் போல் மூன்று மடங்கு என்றார்கள். மனதுக்குள் நானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

பிறகு வந்தது 2022. அந்த வருடத்தை எந்த வர்த்தகரும் மறக்கமாட்டார். 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை போனது. தொண்ணூறு நாள் காசோலைக்குச் சாமான் தந்த மொத்த வியாபாரிகள் காசைக் கையில் கேட்டார்கள். கட்டட வேலைகள் நின்றன. பெற்றோல் வரிசையில் மக்கள் இரவு பகலாகக் கிடந்தார்கள். ஊழியர் ஏழு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மகன் ஒருநாள் இரவு வந்து, "வாப்பா, காரைக் குடுத்துடுவோம்" என்றான். சரி என்றேன்.

பத்திரிகையில் விளம்பரம் போட்டோம். மூன்று மடங்கு விலை சொன்ன நண்பர்களில் ஒருவரும் வரவில்லை. வந்த இருவரில் ஒருவர் நான் கொடுத்த விலையில் பாதியைக் கேட்டார். மற்றவர் ஒப்புக்கொண்டார், அடுத்த வாரம் காசோடு வருவதாகச் சொன்னார், வரவேயில்லை. பெற்றோல் இல்லாத நாட்டில் பாதி கழற்றிய ஸ்போர்ட்ஸ் கார் யாருக்கு வேண்டும்? ஒரு பொருளின் விலை என்பது ஊரார் சொல்வதல்ல. காசோடு ஒருவன் முன்னால் வந்து நின்று சொல்வதுதான் விலை. இதை நான் பதினெட்டு வயதிலேயே கல்லாவில் கற்றேன். அறுபது வயதில் மறுபடியும் கற்க வேண்டியிருந்தது.

கடையைக் காப்பாற்றியது, மனைவி தொட விடாத அந்தக் கடைக் காசுதான். அதில் நான்கு மாதச் சம்பளம் கொடுத்தோம். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மேலதிகப் பற்றில் காரை முடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. அந்த வருடம் வங்கி வட்டி 25 வீதத்தைத் தாண்டியது. காரும் போயிருக்கும், கடையும் ஆடியிருக்கும்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். பழைய கார் முதலீடு அல்ல, அது செலவு. செலவு என்று தெரிந்துகொண்டே செய்தால் அதில் தவறில்லை. முதலீடு என்று பெயர் சூட்டும்போதுதான் கடன் வாங்கத் துணிவு வருகிறது, கடைக் காசில் கை வைக்க நியாயம் கிடைக்கிறது. அத்துடன் இந்த நாட்டில் பழைய வாகனத்தின் விலை ஒரு வர்த்தமானி அறிவித்தலில் ஏறி இன்னொன்றில் இறங்கக்கூடியது. 2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோதும் சந்தை குழம்பியதைக் கண்டோம். முதலீடு என்று அடித்துச் சொல்பவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. விற்று இலாபம் பார்க்கும் எண்ணத்தில்தான் வாங்கினீர்கள் என்றால் அது வியாபாரச் சரக்கு. வருடா வருடம் அதற்கு ஸகாத் கணக்குப் பார்க்கிறீர்களா? பெரும்பாலும், "இல்லை, அது சொந்தப் பாவனைக்கு" என்றுதான் பதில் வரும். அப்படியென்றால் சொந்தப் பாவனை என்றே சொல்லுவோம்.

பிறகு ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். 2023 இல் கையில் மீண்டும் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பாஸ் வேலையை முடித்துத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை சுபஹுக்குப் பின்னர் கம்பளையிலிருந்து புஸ்ஸல்லாவைக்கும், சில நாட்களில் றம்பொடை வளைவுகள் வழியே நுவரெலியாவுக்கும் போகிறேன். வேகம் ஒன்றும் இல்லை. பேருந்துகள் என்னை முந்திச் செல்கின்றன. நிலத்துக்கு மிக அருகில் உட்கார்வதால் நாற்பது கிலோமீற்றர் வேகமே எண்பது போலத் தெரியும். முதலாவது கியர் ஓட்டத்தில் விழாது. வளைவு வருமுன்னரே யோசிக்க வேண்டும். அதனால் தொலைபேசியும் கடையும் மறந்துபோகின்றன. நாற்பது வருடங்களில் இரண்டு மணித்தியாலம் கடையைப் பற்றி நினைக்காமல் இருந்தது இப்போதுதான். ஒருநாள் பேத்தியை மெதுவாக எங்கள் தெருவில் ஒரு சுற்றுக் கூட்டிப்போனேன். "அப்பா, இந்தக் கார் சிரிக்குது" என்றாள். தடுத்த மனைவியும் இப்போது சில நாட்களில் பக்கத்தில் அமர்ந்து வருகிறார். ஏறி இறங்கத்தான் இருவருக்கும் கொஞ்சம் நேரமெடுக்கும்.

இப்படி ஓர் ஆசை உள்ள சகோதரர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்.

முதலில், கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடியுங்கள். கடன், ஊழியர் சேமலாப நிதி, ஸகாத், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முன்னுக்கு. கடையில் ஆறு மாதச் செலவுக்குக் காசு இல்லையென்றால் காரைப் பார்க்கவே போக வேண்டாம்.

இரண்டாவது, காரைக் காணுமுன் காசை ஒதுக்குங்கள். அதில் பாதிக்கு மேல் கார் வாங்கப் பாவிக்க வேண்டாம். மறுபாதி கராஜுக்குத் தேவைப்படும். லீசிங், மேலதிகப் பற்று, கடைப் பெயரில் காசோலை எதுவும் கூடாது.

மூன்றாவது, தனியே போக வேண்டாம். அந்த இனக் காரில் வேலை செய்த ஒரு பாஸை அழைத்துப் போங்கள், காந்தத்தையும் மறக்க வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் காரில் உள்ளவையும் ஒன்றா என்று பாருங்கள். முதலாவது ரக ஸ்ப்ரைட்டின் இலக்கம் ஏஎன்5 என்றுதான் தொடங்கும். புத்தகம் ஒரு காருக்கும் உடம்பு இன்னொரு காருக்கும் சொந்தமாக இருந்தால், எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

நான்காவது, பெயின்டுக்கு முன் பிரேக்கைச் செய்யுங்கள். இந்தக் காரின் பிரேக்குக்கு ஒரே ஒரு எண்ணெய்க் குழாய்த் தொடர்தான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. மலைப் பாதையில் ஓடுபவர்கள் இறப்பர்க் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிட்டே வீதிக்கு இறங்க வேண்டும்.

ஐந்தாவது, அதிகம் தள்ளிப்போடவும் வேண்டாம். எல்லாம் முடியட்டும், கடைசி மகளின் கல்யாணமும் ஆகட்டும், இன்னொரு கிளையும் திறக்கட்டும் என்று இருந்தால் காசு கையில் இருக்கும், முழங்கால் மடங்காது. தாழ்ந்த காரில் ஏற முழங்கால் வேண்டும். அதைப் பஞ்சிகாவத்தையிலும் வாங்க முடியாது.

எங்களுக்குப் பிறகு இந்தக் கார் என்னவாகும் என்று போன மாதம் மகனிடம் கேட்டேன். "விற்கமாட்டேன் வாப்பா" என்றான். விற்க வேண்டிய நேரம் வந்தால் யோசிக்காமல் விற்றுவிடு என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு வேண்டியதை அது ஏற்கனவே தந்துவிட்டது.